லெட்டர்ஹெட்டுல ஸ்டாம்ப் வைக்கறதுக்கு முன்னாடி: எங்க தமிழ் மன்றக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சாருக்கும், செயலாளர் அண்ணாவுக்கும், கமிட்டில இருக்கற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல பசங்களுக்கு அ, ஆ சொல்லிக்குடுக்கற டீச்சரம்மா, போன வருஷம் வரைக்கும் மன்றத்துப் பொருளாளர். இதை கமிட்டி குரூப்லயே போட்டேன், ரெண்டு பேர் கும்பிடு போட்டாங்க, அதுக்குள்ள யாரோ முட்டி வலிக்கு முடக்கத்தான் கீரைன்னு ஒரு ஃபார்வர்டு போட்டு என் மெசேஜை மேல தள்ளிட்டாங்க. சரி, ஊரறியவே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

விஷயம் தெரியாம படிக்கறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பெங்களூருல ஒரு லேஅவுட், பேர் வேணாம். வாட்டர் டேங்க் பக்கத்துல வருஷக்கணக்கா முள்ளு மண்டிக் கெடந்த ஒரு சைட்டை ஏரியா ஜமாத்துக்காரங்க சீட்டு புடிச்சு, வீடு வீடா வசூல் பண்ணி, சொந்தக் காசுல வாங்கியிருக்காங்க. அதுல ஒரு ஷாதி மஹால், அதாவது முஸ்லிம்களோட கல்யாண மண்டபம், கட்டறதா பிளான். குடியிருப்போர் சங்கம் அதை எதிர்த்து மனு ஒண்ணு ரெடி பண்ணி, ஏரியால இருக்கற எல்லா மொழிச் சங்கத்துக்கிட்டயும் ஆதரவுக் கடிதம் கேட்டிருக்காங்க. நம்ம கமிட்டி போன மீட்டிங்ல பத்தே நிமிஷத்துல, போண்டா வர்றதுக்குள்ள, சரின்னு தலையாட்டிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை லெட்டர்ஹெட்டுல டைப் பண்ணி, ஸ்டாம்ப் குத்தி குடுக்கப் போறோமாம்.

குடுக்க வேணாம்னு சொல்லத்தான் இந்த மடல்.

முதல்ல என்ன கட்டப்போறாங்கன்னு நம்மள்ல எத்தனை பேர் பாத்தோம்? குரூப்ல வந்த முதல் மெசேஜ்ல ஷாதி மஹால்னு இருந்துச்சு, அன்னிக்கு சாயங்காலமே அது மசூதின்னு ஆயிடுச்சு, மறுநாள் காலைல வாக்கிங் போறப்போ ஒரு மாமி என்னை நிறுத்தி நாலு மினார் வெச்சு பெருசா வருதாமே டீச்சர்ங்கறாங்க. நான் நேரா போய் பிளானைக் காட்டுங்கன்னு கேட்டேன். ஜமாத் செகரட்டரி பாய் கார் பானட் மேலயே விரிச்சாரு, காத்துல பறக்குதுன்னு ஒரு மூலைக்கு என் வாட்டர் பாட்டிலு, இன்னொரு மூலைக்கு அவர் செல்போனு. கீழ பேஸ்மெண்ட்ல பார்க்கிங். தரைத்தளத்துல 300 பேர் உக்கார்ற ஹால், பின்னாடி டைனிங், கிச்சன். மேல ரீடிங் ரூம், டியூஷனுக்கு ரெண்டு ரூம், வாரத்துல ரெண்டு நாள் டாக்டர் வந்து உக்கார ஒரு சின்ன ரூம், மூலையில தொழுகைக்கு ஒரு ரூம். வீல்சேர் போற ரேம்ப்பு கூட போட்டிருக்காங்க, நம்ம ஏரியா கல்யாண மண்டபத்துல இல்லாதது. மினாரைத் தேடினேன். மொட்டை மாடில இருக்கறதுலயே உயரமான சாமான் ரெண்டு சின்டெக்ஸ் டேங்க்தான்.

சரி, மசூதியாவே இருக்கட்டுமே, அதுக்கும் என்னன்னு கேக்கலாம். ஆனா இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்லி அதுக்கு எதிரா நம்ம ஸ்டாம்ப்பைக் குத்தறது எந்தக் கணக்குல சேத்தி?

இப்ப பழைய ஃபைலுக்கு வரேன். 2004-ல ஒரு புண்ணியவான் நம்ம மன்றத்துக்கு 30க்கு 40 சைட் ஒண்ணைப் படிப்பகம் கட்டிக்கோங்கன்னு சும்மா குடுக்க முன்வந்தாரு, ஞாபகம் இருக்கா? செயலாளர் அண்ணா, உங்களுக்குக் கண்டிப்பா இருக்கும், நீங்கதான் அன்னிக்கு எல்லா ஆபீஸுக்கும் அலைஞ்சீங்க. அப்ப நமக்கு எதிரா வந்த மனுவோட ஜெராக்ஸ் என்கிட்ட இருக்கு. ரோடு சின்னது, பார்க்கிங் இல்ல, மைக் சத்தம், வெளியாளுங்க கூடுவாங்க. அப்புறம் கன்னடத்துல ஒரு வரி, பாவனெகளிகெ தக்கென்னு, அதாவது மனசு புண்படுதாம். பசங்க உக்காந்து பாரதியார் பாட்டு படிக்கறதுல யாரோட பாவனெ எங்க அடிபட்டுச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. கடைசி வரிதான் முக்கியம்: அவங்க கட்டிக்கட்டும், நாங்க வேணாங்கல, ஆனா இந்த இடத்துல வேணாம். எதிர் வீட்டு கௌடர் ஒருத்தர் மட்டும் இர்லி பிடி, ஏனு தொந்தரென்னு, அதாவது இருக்கட்டும் விடுங்க, என்ன தொந்தரவுன்னு கேட்டாரு, அவர் பேச்சை யாரும் காதுல வாங்கல. நாமளும் சண்டை எதுக்குன்னு விட்டுட்டோம்.

விட்டதோட பலன் என்னன்னா, ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு இதுவரைக்கும் மூணு எடம் மாறியாச்சு, மன்றத்துப் புத்தகம் அறுநூத்துச் சொச்சம் என் வீட்டுப் பரண் மேல அட்டைப் பெட்டில கெடக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை கரையானுக்கு மருந்து அடிச்சு திரும்ப ஏத்தி வைக்கறேன். இப்ப சங்கம் குடுத்திருக்கற மனுவை வாங்கி அந்த ஜெராக்ஸ் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ரோடு, பார்க்கிங், சத்தம், வெளியாளு, மனசு. வரிசை கூட மாறல. இந்தத் தடவை கீழ நம்ம பேரு வரப்போகுது, அவ்ளோதான் வித்தியாசம்.

கட்டட்டும் ஆனா இங்க வேணாம்ங்கற இந்த வாசகத்தை நான் இன்னொரு ஊர்லயும் கேட்டிருக்கேன், அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா தலைவர் சார் மீட்டிங்ல அமெரிக்காக்காரனே விடலை, நாம எதுக்கு விடணும்னு ஒரு போடு போட்டீங்க. சார், அமெரிக்காக்காரன் விட்டான். என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

2009 கடைசில இருந்து ரெண்டு வருஷம் வீட்டுக்காரர் ப்ராஜெக்ட்னு நாங்க நியூயார்க்குக்கு ஆத்துக்கு அக்கரைல இருக்கற ஜெர்சி சிட்டில இருந்தோம். பாத்ங்கற ட்ரெயின்ல ஆத்துக்கு அடில போய் வேர்ல்டு ட்ரேட் சென்டர்ல எறங்கி வெளிய வந்தா ஒரு பெரிய பள்ளம், சுத்தி கிரேனு, வேலை நடந்துட்டு இருக்கும். அங்க இருந்து ரெண்டு பிளாக் தள்ளி பார்க் பிளேஸ்னு ஒரு தெரு. அதுல 1850-கள்ல கட்டின ஒரு பழைய அஞ்சு மாடிக் கட்டடம், முன்னாடி கோட்டு விக்கற கடையா இருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்னிக்கு ப்ளேனோட லேண்டிங் கியர் பாகம் கூரையைப் பொத்துக்கிட்டு உள்ள விழுந்து, அப்புறம் கடையைத் தொறக்கவே இல்ல. அதை 2009 ஜூலைல ஷரிஃப் எல்-கமால்ங்கற பில்டர் கிட்டத்தட்ட 48 லட்சம் டாலருக்கு வாங்கினாரு. அங்க 13 மாடில ஒரு கம்யூனிட்டி சென்டர் கட்டலாம்னு அவரும் இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃபும் பிளான் போட்டாங்க. நீச்சல் குளம், பாஸ்கெட்பால் கோர்ட், 500 சீட் ஆடிட்டோரியம், சமையல் ஸ்கூலு, குழந்தைங்களை விட்டுட்டுப் போக எடம், செத்தவங்களுக்கு ஒரு நினைவிடம், அதோட தொழுகைக்கு எடம். கார்டோபா ஹவுஸ்னு முதல்ல பேரு, அப்புறம் பார்க்51.

கவனிங்க, 2009 டிசம்பர்லயே இது நியூயார்க் டைம்ஸ்ல வந்துடுச்சு. அந்தப் பழைய கட்டடத்துக்குள்ள ஏற்கனவே வெள்ளிக்கிழமை தொழுகை நடந்துட்டுதான் இருந்துச்சு. ஒரு ஈ காக்கா கத்தல. அதே டிசம்பர்ல ஃபாக்ஸ் டிவில லாரா இங்க்ரம்னு ஒரு அம்மா, பெரிய வலதுசாரி, இமாமோட வீட்டம்மா டெய்ஸி கானைப் பேட்டி எடுத்து, நீங்க பண்ணப் பாக்கறது எனக்குப் புடிச்சிருக்குன்னு வாயாரச் சொன்னாங்க. அஞ்சு மாசம் கழிச்சு 2010 மே மாசம் லோக்கல் கம்யூனிட்டி போர்டு ஓட்டெடுப்பு, ஆதரவா 29, எதிரா 1, பத்துப் பேர் யாருக்கும் போடல. அந்தத் தெருவுல வாழற ஜனத்துக்காகப் பேசற போர்டு அது. ஆனா அதுக்குள்ள பமேலா கெல்லர்னு ஒரு பிளாக் எழுதற அம்மாவும் அவங்க கூட்டமும் இதுக்கு கிரவுண்ட் ஜீரோ மசூதின்னு பேரு வெச்சு ஊதிட்டாங்க. டவர் விழுந்த அந்தப் பள்ளம்தான் கிரவுண்ட் ஜீரோ. இது அங்க இல்ல, வெறும் மசூதியும் இல்ல, பேரு மட்டும் நின்னு போச்சு. நம்ம குரூப்ல நாலு மினார் மொளைச்ச கதைதான்.

எதுக்குத் திடீர்னு மே மாசம்? நவம்பர்ல எலெக்ஷன். குடியரசுக் கட்சிக்காரரு நியூட் கிங்ரிச் சவுதில சர்ச் கட்ட விடட்டும், அப்புறம் இங்க மசூதி கட்டட்டும்னாரு. அதே கட்சி சாரா பேலின் ட்விட்டர்ல, இங்கிலீஷ்லயே இல்லாத ஒரு வார்த்தையைப் போட்டு எதிர்த்து அதுவே காமெடி ஆச்சு. ஆகஸ்ட்ல சிஎன்என் சர்வேல 68 சதவீதம் பேர் எதிர்ப்பு. அந்த மாசம் 3-ந் தேதி, பழமையான கட்டடம், இடிக்கக்கூடாதுன்னு தடுக்கப் பாத்த முயற்சியும் 9-0ன்னு தோத்துப் போச்சு. அன்னிக்கு மேயர் ப்ளூம்பெர்க் கவர்னர்ஸ் தீவுல, பின்னாடி சுதந்திர தேவி சிலை தெரிய, ஒரு பேச்சு பேசினாரு, அதை நான் டிவில முழுசா பாத்தேன். தனியாரு சொந்த எடத்துல சாமி கும்பிடறதை கவர்மெண்ட் தடுக்க முடியாதுன்னு சொன்னதோட விடல, ஒரு காலத்துல இதே நியூயார்க்ல கத்தோலிக்கப் பாதிரியாரைப் புடிச்சு உள்ள போடலாம், ஊரோட முதல் கத்தோலிக்கப் பங்கு 1780-கள்லதான் வந்துச்சு, அந்த செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் இன்னிக்கும் இந்த எடத்துக்கு ஒரு பிளாக் தள்ளித்தான் நிக்குதுன்னாரு. பத்து நாள் கழிச்சு ஒபாமா இஃப்தார் விருந்துல, கட்ட அவங்களுக்கு உரிமை இருக்குன்னு கம்பீரமா சொல்லிட்டு, அடுத்த நாளே அங்க கட்டறது புத்திசாலித்தனமான்னு நான் கருத்து சொல்லலையேன்னு ஜகா வாங்கினாரு. அரசியல்வாதி எங்க போனாலும் அரசியல்வாதி.

ஆகஸ்ட் 22 அன்னிக்கு அந்தத் தெருப் பக்கம் எதிர்ப்புக் கூட்டமும் ஆதரவுக் கூட்டமும் ஒண்ணா கூடுச்சு. நாங்க போகல, ராத்திரி வீடியோ பாத்தோம். தலையில வெள்ளைக் குல்லா போட்ட ஒரு கறுப்பினத்துக்காரர் கூட்டத்து வழியா நடந்து போறாரு, சுத்தி நின்னு கத்தறாங்க, தள்ளாத குறை. அவரு முஸ்லிமே இல்லையாம், அந்தப் பள்ளத்துல கட்டட வேலை பாக்கற கார்பெண்டராம். அதை அவர் சொல்லியும் யாரும் கேக்கல. என் வீட்டுக்காரருக்கு அப்ப தாடி உண்டு, சபரிமலை மாலை இல்ல, சும்மா சோம்பேறித் தாடி, மறுநாள் ஆபீஸ் கெளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. நான் ஒண்ணும் கேக்கல. ஷேவ் பண்ணிட்டுப் போனாரு.

செத்தவங்க குடும்பத்தோட மனசைப் பாருங்கன்னாங்க. அது சும்மா தள்ளிவிடற வாதம் இல்லைன்னு எனக்கும் தெரியும், கிட்டத்தட்ட 3,000 பேர் செத்த எடம். ஆனா அந்த 3,000-ல முஸ்லிம்களும் இருந்தாங்களே. சல்மான் ஹம்தானின்னு 23 வயசுப் பையன், போலீஸ்ல கேடட்டா இருந்தவன், முதலுதவிப் பயிற்சி இருக்குன்னு உதவி பண்ண ஓடிப்போய் அங்கயே செத்தான், ஒடம்பு கெடைக்கற வரைக்கும் மாசக்கணக்கா அவன் மேலயே சந்தேகம். தெற்கு டவர்ல 17-வது மாடில அங்க வேலை பாத்தவங்க தொழுகை பண்ண ஒரு ரூமே இருந்துச்சு. குடும்பங்களும் ஒரே குரல்ல பேசல, செப்டம்பர் 11 ஃபேமிலீஸ் ஃபார் பீஸ்ஃபுல் டுமாரோஸ்னு செத்தவங்க சொந்தக்காரங்களே நடத்தற அமைப்பு கட்டட்டும்னுதான் சொல்லுச்சு. யூதர்களுக்காக நிக்கற ஏடிஎல் அமைப்பு அன்னிக்கு வேற எடம் பாக்கட்டும்னு அறிக்கை விட்டுச்சு, அதுக்காக ஃபரீத் ஸகாரியான்னு ஒரு பத்திரிகைக்காரர் அவங்க குடுத்த விருதையும் 10,000 டாலரையும் திருப்பிக் குடுத்தாரு. 2021-ல அதே ஏடிஎல் நாங்க சொன்னது தப்புதான்னு மன்னிப்பு கேட்டுச்சு. பதினோரு வருஷம் லேட்டு.

எடம்தான் பிரச்சனைன்னா எடம் மாத்தினா தீரணும் இல்லையா? அதே 2010-ல டென்னிஸி மாநிலத்துல மர்ஃப்ரீஸ்பரோன்னு ஒரு ஊரு, நியூயார்க்ல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல, அங்க ஒரு இஸ்லாமிக் சென்டர் கட்ட ஆரம்பிச்சாங்க. அங்க எந்த டவரும் விழல. ஆனாலும் ஊர்வலம், கட்டட எடத்துல நின்ன வண்டிக்குத் தீ வெச்சாங்க, கோர்ட்ல போய் இஸ்லாம் ஒரு மதமே இல்லைன்னு வாதாடினாங்க, கடைசில மத்திய சர்க்காரே ஆமாங்க அது மதம்தான்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. 2012 ஆகஸ்ட்ல, ரமலான் மாசத்துல, தொறந்தாங்க. ரெண்டு பிளாக் தள்ளிக் கட்டுங்கறவனுக்கு ஆயிரம் கிலோமீட்டரும் பத்தாது, அதைத்தான் சொல்ல வரேன்.

பார்க்51 என்னாச்சு? சட்டப்படி எல்லா எடத்துலயும் ஜெயிச்சாங்க. ஆனா இவ்ளோ கலாட்டாவுக்கு அப்புறம் 10 கோடி டாலர் திட்டத்துக்குப் பணம் தேறல, இமாமும் பில்டரும் பிரிஞ்சாங்க, 2011 செப்டம்பர்ல பழைய கட்டடத்துலயே 4,000 சதுர அடில சின்னதா தொறந்து குழந்தைங்க போட்டோ கண்காட்சி வெச்சாங்க, அப்புறம் மூணு மாடி மியூசியம்னாங்க, அதுவும் போச்சு. கடைசில பழைய கட்டடத்தை இடிச்சிட்டு 43 மாடி லக்ஸுரி ஃபிளாட்டு. நீச்சல் குளமும் சமையல் ஸ்கூலும் வந்திருந்தா யார் வேணா உள்ள போயிருக்கலாம், நானும் போயிருப்பேன்.

சரி, அமெரிக்கா எதுக்கு, நம்ம அல்சூருக்கு வாங்க.

1991-ல அல்சூர் ஏரிக்கரைல பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் திருவள்ளுவர் சிலை வெச்சுது. எனக்கு அப்ப பதினாலு வயசு. தொறக்க விடல. சாக்கைச் சுத்திக் கயித்தைக் கட்டி நிக்க வெச்சாங்க. அதே வருஷம் ஜூன் 25-ல காவிரி நடுவர் மன்றத்தோட இடைக்காலத் தீர்ப்பு, 205 டிஎம்சி, டிசம்பர்ல கலவரம். எங்கப்பா சிவாஜிநகர்ல வெச்சிருந்த கடையில தமிழ்ல எழுதியிருந்த போர்டை ராத்திரியோட ராத்திரியா தார் பூசி அழிச்சாரு, பெயிண்டர் யாரும் வரல, அவரேதான், அந்தத் தார் வாசனை ஒரு வாரம் அவர் கையை விட்டுப் போகல, சோத்துல கை வைக்கறப்போ எல்லாம் மூஞ்சியைச் சுளிப்பாரு. வள்ளுவர் பாவம், வான்சிறப்புன்னு மழையைப் பத்திப் பத்துக் குறள் எழுதினதைத் தவிர தண்ணி விஷயத்துல ஒண்ணும் பண்ணல, ஒரு டிஎம்சி கேக்கல. ஆனா காவிரிக்கும் சேத்து அவரைத்தான் சாக்குக்குள்ள வெச்சிருந்தாங்க. காலேஜ் படிக்கறப்போ பஸ்ல அந்தப் பக்கம் போவேன், கல்யாணம் ஆகிப் பையனைத் தூக்கிக்கிட்டும் போனேன், அம்மா அது யாருன்னு கேட்டான், தொறந்தா சொல்றேன்னேன். 18 வருஷம்.

2009 ஆகஸ்ட் 9-ந் தேதி கருணாநிதியும் எடியூரப்பாவும் சேந்து தொறந்து வெச்சாங்க, நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. அன்னிக்கு ஏரிப் பக்கம் ஒரே போலீஸ், அப்பாவைக் கூட்டிட்டு ஒரு வாரம் கழிச்சுதான் போக முடிஞ்சுது. ரொம்ப நேரம் பாத்துட்டு, மூக்கு இப்படி இருக்கும்னு நான் நெனைக்கலைன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு, அப்புறம் சுண்டல் வாங்கித் தின்னோம்.

தலைவர் சார், பாகிஸ்தான்ல கோயில் கட்ட விடுவானான்னு கேட்டீங்க. இது கிங்ரிச் கேட்ட அதே கேள்வி. வள்ளுவர் சிலையும் இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பேசித்தானே வெளிய வந்துச்சுன்னு நீங்க மடக்கலாம், நியாயமான மடக்குதான். ஆனா அது ரெண்டு முதலமைச்சர் உக்காந்து போட்ட டீல். சென்னைல சிலை வைக்கற அதிகாரம் சென்னைல இருக்கற கவர்மெண்டுக்கு இருந்துச்சு. செகரட்டரி பாய் ஆம்பூர்க்காரரு. அவருக்கு லாகூர்ல என்ன அதிகாரம், சொந்த அபார்ட்மெண்ட்ல தண்ணி லாரி வரவைக்கவே முடியல அவரால. 1991-ல காவிரிக்கு எங்கப்பா பொறுப்பு இல்லைன்னா, இதுக்கு அவரும் பொறுப்பு இல்ல.

அவரைப் பத்தி இன்னொண்ணு. அவர் நம்ம மன்றத்து மெம்பர், சந்தா கட்டறாரு, பொண்ணு போன வருஷம் பொங்கல் விழாவுல குறள் ஒப்பிச்சுப் பரிசு வாங்குச்சு. போன வாரம் ஒரு கமிட்டி மெம்பர் என்கிட்ட அவர் நல்ல மனுஷன்தான் டீச்சர், அவருக்காகத்தான் சங்கடமா இருக்குன்னாரு. நான் அந்தப் பாதைல போக மாட்டேன். எனக்கும் அவருக்கும் 2019 ஆண்டு விழாக் கணக்குல பெரிய சண்டை, ரெண்டு மாசம் பேசல, சந்தா எப்பவும் லேட்டு, மீட்டிங்ல குறுக்க குறுக்கப் பேசுவாரு. அவர் சிடுமூஞ்சியாவே இருக்கட்டும், பொண்ணு ஒரு குறள் கூடத் தெரியாததாவே இருக்கட்டும், சொந்தக் காசுல வாங்கின சைட்டுல ரூல்படி கட்டறதுக்கு நம்மகிட்ட நன்னடத்தை சர்டிபிகேட் எதுக்கு வாங்கணும்? நியூயார்க்ல அந்த இமாமை அமெரிக்க வெளியுறவுத் துறையே அரபு நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணமா அனுப்பிட்டு இருந்துச்சு, அதே நேரத்துல அமெரிக்காக்குள்ள அவரைத் தீவிரவாதின்னுட்டு இருந்தாங்க. சர்டிபிகேட் கேக்கறவன் குடுத்தா மட்டும் ஒத்துக்கப் போறானா.

டிராஃபிக். இதை நான் சும்மா சொல்லல, உண்மையிலயே தொந்தரவுதான், எட்டாவது கிராஸ்ல ரெண்டு கார் எதிர் எதிர வந்தா ஒண்ணு ரிவர்ஸ்ல மெயின் ரோடு வரைக்கும் போகணும். கேட்டா கேக்கலாம்: பேஸ்மெண்ட் பார்க்கிங்கை பின்னாடி குடோனா மாத்தக்கூடாது, ஜெனரேட்டருக்கு மூடி போடணும், மிச்சச் சாப்பாட்டைக் கால்வாய்ல கொட்டக்கூடாது, ராத்திரி 10 மணிக்கு மைக் ஆஃப். அந்த 10 மணி ரூல் 2000-லயே மத்திய சர்க்கார் போட்டது, குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. எல்லாருக்கும் பொது. அப்ப மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்துக்கும் பொதுதானே, போன வைகாசில ராத்திரி பதினொன்னரை வரைக்கும் பேண்டு வாசிச்சு எங்க தெருவுல ஒரு கைக்குழந்தை தூங்கல, சங்கம் ஒரு லெட்டர் எழுதுச்சா? பிள்ளையார் பந்தல் அஞ்சு நாள் ரோட்டையே மூடுச்சு, நாமளும்தான் சுண்டல் வாங்கினோம். எல்லா ஹாலுக்கும் சேத்து ஒரு மனு போடுங்க, முதல் கையெழுத்து நான் போடறேன். செகரட்டரி பாயும் போடுவாரு, கேட்டுட்டேன், முனகிட்டே சரின்னாரு.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. நகரத்பேட்டை தர்மராயர் கோயில் கரகம், அதைத் தூக்கற திகளர்கள் ஒரு காலத்துல தமிழ்ப் பக்கத்துல இருந்து வந்தவங்கதான், சித்திரா பௌர்ணமி ராத்திரி காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய்ட்டுத்தான் வரும். 2022-ல சிலர் இனிமே தர்காவுக்குப் போகக்கூடாதுன்னு கெளப்பினப்போ கோயில் கமிட்டிக்காரங்களே வழக்கத்தை மாத்த மாட்டோம்னுட்டாங்க. இதே ஊர்லதான் 1994-ல தூர்தர்ஷன்ல 10 நிமிஷ உருது நியூஸுக்குக் கலவரம் வந்து ஆளுங்க செத்ததும். ரெண்டும் பெங்களூருதான், எதுல சேரணும்னு கமிட்டிதான் முடிவு பண்ணனும்.

அப்புறம் சங்கத்து மனுவைத் தூக்கிட்டு வீடு வீடா வர்றாரே ஒரு தம்பி, அவர் இதுக்கு முன்னாடி நம்ம ஏரியாக் குழிக்கோ குப்பைக்கோ வந்து பாத்திருக்கீங்களா? 2020 செப்டம்பர்ல மாநகராட்சி கவுன்சில் காலம் முடிஞ்சுது, அதுக்கப்புறம் எலெக்ஷன் வருது வருதுன்னு வருஷக்கணக்கா இழுத்து, பிபிஎம்பிங்கற அந்த மாநகராட்சியே போய் அஞ்சு கார்ப்பரேஷனாப் பிரிச்சாச்சு. வார்டு புதுசு, டிக்கெட் புதுசு. தம்பி சட்டையும் புதுசு. நியூயார்க்ல நவம்பர் எலெக்ஷன் முடிஞ்சதும் அந்தக் கத்தல் எப்படி அடங்குச்சுன்னு நான் பாத்தேன், டிவில பேச்சே இல்ல. இங்கயும் தம்பி கவுன்சிலர் ஆனாலும் ஆகலைன்னாலும் அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வர மாட்டாரு. ஆனா பாயும் நாமளும் ஒரே கடையிலதான் பால் பாக்கெட் வாங்கணும், நம்ம லெட்டர்ஹெட்டுல நம்ம பேரு இருக்கும்.

நான் கேக்கறது ரெண்டே விஷயம். மன்றத்து லெட்டரைக் குடுக்காதீங்க, யாருக்காவது தனிப்பட்ட முறையில எதிர்ப்பு இருந்தா அவங்க பேர்ல, அவங்க கையெழுத்துல போடட்டும், அது அவங்க உரிமை. ரெண்டாவது, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி கமிட்டில எல்லாரும் ஒரு தடவை பிளானைப் பாருங்க, ஞாயித்துக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கேன். மெம்பர்தானே, அவர் மீட்டிங்குக்கு வரக்கூடாதுன்னு பைலால எங்கயும் இல்ல, தேடிப் பாத்துட்டேன்.

மன்றத்து ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் என் பீரோலதான் இருக்கு, புதுப் பொருளாளர் வாங்கிக்கவே இல்ல. ஒளிச்சு வைக்க மாட்டேன், பயப்படாதீங்க. மை டப்பாவோட கொண்டு வந்து டேபிள் மேல வைக்கறேன், பக்கத்துல 2004 ஜெராக்ஸும் இருக்கும், செயலாளர் அண்ணா எதை வேணா முதல்ல எடுக்கலாம். மீட்டிங் அஞ்சு மணின்னு போட்டிருக்கீங்க, நான் நாலரைக்கே வந்து நாற்காலி போட்டுடறேன். போண்டா இந்தத் தடவை முடிவுக்கு அப்புறமா வரட்டும்.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழமை டீச்சர்